கழுத்தில் தொங்கிய கணக்கு

வெளிநாடு போகிறவர்களுக்கு அறிவுரை சொல்ல நம்ம ஊரில் ஆள் பஞ்சமே இல்லை. ஃபாரெக்ஸ் கார்டு எடுத்துக்கோ, ஏர்போர்ட்டில் காசு மாத்தாதே, கடையில் கார்டு தேய்க்கும்போது 'இந்திய ரூபாயில் கட்டலாமா' என்று மெஷின் கேட்டால் வேண்டாம்னு சொல்லு, ரசீதை எல்லாம் பத்திரமா வை. ஆன்சைட் போன எல்லோருக்கும் இது மனப்பாடம். போய் இறங்கிய முதல் பத்து நாள் ஒரு காபி வாங்கினால்கூட மனசுக்குள் ரூபாயில் பெருக்கிப் பார்த்து நெஞ்சு அடைக்கும். பதினோராவது நாள் பெருக்கலை நிறுத்திவிடுவோம். ஒரு நாட்டுக்குள் உண்மையாக நுழைவது அந்த நாளில்தான் என்பது என் எண்ணம்.

இந்த அறிவுரைகள் எல்லாவற்றுக்கும் அடியில் யாரும் சொல்லாத ஓர் அனுமானம் இருக்கிறது. பயணம் போகிறவரின் பணம் அவர் கையில் இருக்கிறது. என்ன செலவானது என்பது அவருக்குத் தெரியும். சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு கூட்டம் கூட்டமாகக் கடல் தாண்டியவர்களுக்கு இது பொருந்தவில்லை. செலவு அவர்களுடையது, கணக்கு வேறொருவர் கையில். அந்த ஏற்பாடு எப்படி வேலை செய்தது என்பதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப்போகிறேன். தொழில்ரீதியாக எனக்குப் பழக்கமான வேலைதான்: ஒரு சிஸ்டத்தில் காசு எங்கே நுழைகிறது, எங்கே காணாமல் போகிறது என்று பார்ப்பது.

1

முதலில் ஓர் எண். 1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 19 லட்சத்து 67 ஆயிரம். 1881ல் அது ஏறக்குறைய 16 லட்சம். பத்தே ஆண்டில் மூன்றரை லட்சத்துக்கும் மேல் குறைந்துவிட்டது. இடையில் வந்தது தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. செத்தவர்கள், பிறக்காமல் போனவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள் மூன்று வகையும் அந்தக் குறைச்சலுக்குள் இருக்கிறார்கள். அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாவற்றையும் சேர்த்தது. பஞ்ச நிவாரண வேலையில் ஆண் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று 1877ல் ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இதைத் தின்று உடலுழைப்பு செய்ய முடியாது என்று எதிர்த்தார்.

ஊரைவிட்டுப் போவது பஞ்சத்தில் ஆரம்பித்ததில்லை. 1830களிலிருந்தே இலங்கை மலைகளில் காப்பித் தோட்டங்கள் ஆள் கேட்டன. காப்பி நோயில் அழிந்தபிறகு தேயிலை வந்தது. சேலம், திருச்சி, மதுரை, ராமநாதபுரம், தஞ்சாவூர், ஆற்காடு பகுதிகளிலிருந்து ஆள் போனது. போனவர்களில் பெரும்பங்கினர் நிலமில்லாதவர்கள்; அவர்களிலும் தலித்துகள் அதிகம். ஏற்கனவே பண்ணையில் கடனுக்கு உழைத்துப் பழகியவர்கள். ஊரில் அதற்குப் பெயர் 'கண்டிக்குப் போறது'. கண்டி என்றால் கண்டி நகரம் இல்லை, முழு இலங்கைக்குமே அந்தப் பெயர்தான். மலேயா போவது 'பினாங்குக்குப் போறது'. இறங்குகிற துறையே நாடாகிவிட்டது.

போகும் வழி சுலபமில்லை. காப்பிக் காலத்தில் ராமநாதபுரம் கடற்கரை வரை நடை, தோணியில் மன்னார், அங்கிருந்து காட்டுவழியே மாத்தளை வரை மறுபடியும் நடை. வழியில் காய்ச்சலிலும் காலராவிலும் விழுந்தவர்கள் ஏராளம். பின்னால் ரயில் வந்தது. சேலத்தைத் தொட்டு மதராஸ் ரயில்வே 1860களின் தொடக்கத்திலேயே ஓடியது. ஆனால் சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் போகும் பயணிகள் ரயில் ஓட ஆரம்பித்ததே 2013ல்தான். நாமக்கல் பக்கத்துக்காரர் அன்றைக்குக் கடலுக்குப் போக வேண்டுமென்றால், முதலில் காலால் நடந்து ரயிலுக்குப் போக வேண்டும்.

சரி, இவ்வளவு தூரத்துக்கும் சோறு, தோணிக் கூலி, ரயில் கட்டணம், கப்பல் கட்டணம். இதற்கெல்லாம் காசு?

2

காசு கங்காணியிடம் இருந்தது. தோட்டத்துரை அவரிடம் ஒரு தொகையைக் கொடுத்து ஆள் கட்டிவர அனுப்புவார். 'கோஸ்ட் அட்வான்ஸ்' என்று அதற்குப் பெயர். இந்தியக் கரை தோட்டக்காரர்களுக்கு வெறும் 'கோஸ்ட்'. துரைக்கும் கங்காணிக்கும் பின்னால் பெரும்பாலும் கொழும்பு செட்டியார் தெருவின் கடன் இருந்தது. கங்காணி தன் ஊருக்கு வருவார், சொந்தக்காரர்களையும் தெரிந்தவர்களையும் பேசிச் சேர்ப்பார். ஊரில் ஒருவருக்கு இருக்கும் கடனை அடைக்க முன்பணம் கொடுப்பார். வழிச்செலவைப் பார்த்துக்கொள்வார். எல்லாம் இனாம் மாதிரித்தான் தெரியும். எதுவும் இனாம் இல்லை. எழுதத் தெரியாதவரின் பேரில் எழுதப்பட்ட பற்று அது.

இங்கே சிஸ்டத்தின் வடிவத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். துரை பெரிய கங்காணிக்குக் கடன் கொடுக்கிறார். பெரிய கங்காணி தனக்குக் கீழே இருக்கிறவருக்குக் கொடுக்கிறார். அவர் தொழிலாளிக்கு. கீழே இருக்கும் கங்காணிக்குத் தோட்டத்தில் என்ன பெயர் தெரியுமா? சில்லறைக் கங்காணி. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குச் சில சதம் தனியாகக் கிடைக்கும். தலைக்காசு என்றும், ஆங்கிலத்தில் பென்ஸ் மணி என்றும் சொல்வார்கள். இலங்கையில் ஷில்லிங்-பென்ஸ் கணக்கு ஒழிந்தபிறகும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆக, கங்காணியின் வருமானம் இரண்டு விஷயங்களை நம்பியிருந்தது: ஆள் தினமும் வேலைக்குப் போக வேண்டும், ஆள் கடனை முழுசாக அடைத்துவிட்டுக் கிளம்பிவிடக் கூடாது.

இரண்டாவதற்கு ஒரு கருவி இருந்தது. பெயர் 'துண்டு'. ஒரு காகிதத் துண்டு, அவ்வளவுதான். 'இந்த ஆள் பேரில் இவ்வளவு கடன் நிற்கிறது, அதைக் கட்டினால் இவரை விடுவிக்கிறேன்' என்று தோட்டத்துரை எழுதிக் கொடுப்பது. அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போகலாம். புதுத் துரை பழைய கடனைக் கட்டுவார். கடன் இப்போது அவர் புத்தகத்தில் ஏறும். பெரும்பாலும் ஒருத்தருக்கு மட்டும் இல்லை, ஒரு கங்காணியின் கும்பல் முழுவதற்கும் சேர்த்தே துண்டு எழுதுவார்கள்.

ஐடியில் இருக்கும் நண்பர்களிடம் இதைச் சொன்னால், 'அட, நோட்டீஸ் பீரியட் பை-அவுட் மாதிரி இருக்கே' என்பார்கள். மாதிரிதான். ஆனால் ஒரு வித்தியாசம், எல்லாம் அதில்தான் இருக்கிறது. பை-அவுட் முடிந்ததும் நம் கணக்கு பூஜ்யமாகும். துண்டில் கடன் அழியாது, முதலாளி மட்டும் மாறுவார். ஒவ்வொரு மாறுதலிலும் கங்காணிக்குக் கையில் கொஞ்சம் புதுக் காசு வேண்டும்; அதுவும் தொழிலாளியின் கணக்கிலேயே ஏறும். ஆளுக்குப் போட்டி கூடக்கூடக் கடன் தொகையும் கூடியது.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1900களின் தொடக்கத்தில் ஆண் தொழிலாளிக்கு ஒரு நாள் கூலி ஏறக்குறைய 33 சதம். அவர் தலையில் 60 ரூபாய் கடன் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு பைசா செலவழிக்காமல் முழுக் கூலியையும் கட்டினால்கூட 182 நாள் ஆகும். சாப்பிடாமல் 182 நாள். சாப்பிட்டால் எத்தனை நாள் என்பதற்குக் கணக்கே கிடையாது. அவருக்கு அரிசி கொடுப்பதும் தோட்டம்தான், விலையைக் கூலியில் பிடிப்பதும் தோட்டம்தான்.

3

1901ல் இந்தப் பயணத்துக்கு ஒரு புது ஏற்பாடு வந்தது. ஒரு தகர வில்லை. அதில் தோட்டத்தின் எண்ணும், ஆளின் வரிசை எண்ணும் பொறித்திருக்கும். கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். தகர டிக்கெட் முறை என்று ஆவணங்களில் பெயர். அந்த வில்லையைக் காட்டினால் போதும், வழியில் யாரும் காசு கேட்க மாட்டார்கள். கப்பலிலும் ரயிலிலும் ஏறலாம். கொழும்பு வந்ததும் ராகமை முகாமில் சோறு, மருத்துவச் சோதனை. அங்கிருந்து எந்தத் தோட்டத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது எண்ணிலேயே இருக்கிறது. செலவுக்கான பில் தோட்டத்துக்குப் போய்விடும்.

ஒரு மென்பொருள்காரனாக இதைப் பார்க்கும்போது முதலில் வியப்புதான் வந்தது. 1901ல் பணமில்லாப் பயணம்! ஒரு அடையாள எண், அந்த எண்ணோடு கோத்த ஒரு கணக்கு, வழி நெடுக அதை ஏற்றுக்கொள்ளும் ரயிலும் கப்பலும் முகாமும், கடைசியில் மொத்தமாகச் செட்டில்மென்ட். இன்றைய டிராவல் கார்டுக்கு வேண்டிய பாகங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. வழியில் காசைத் திருடர் அடிக்க முடியாது. கங்காணி சோற்றுக் காசை அமுக்கிக்கொண்டு ஆளைப் பட்டினி போடவும் இடம் குறைவு. நடந்துபோன காலத்தை நினைத்தால் இது உயிர் காத்த ஏற்பாடு என்றுகூடச் சொல்லலாம்.

ஒரேயொரு பாகம்தான் இல்லை. கார்டு வைத்திருப்பவருக்கு வரும் அந்த மெசேஜ், 'உங்கள் கணக்கிலிருந்து இவ்வளவு எடுக்கப்பட்டது'. தகரத்தில் தோட்டத்தின் எண் இருந்தது, ஆளின் எண் இருந்தது. ஆளின் பெயர் இல்லை, தொகையும் இல்லை. செலவு நடந்துகொண்டே இருக்கும்; எவ்வளவு என்பது போட்டிருப்பவருக்குத் தெரியாது. வில்லையின் முதல் நோக்கமும் அவருடைய வசதி இல்லை. முன்பணம் வாங்கிய ஆள் வழியில் வேறு தோட்டத்துக்கு நழுவிவிடாமல் பார்ப்பதே நோக்கம். சரக்கு மூட்டையில் ஒட்டும் சீட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. 1904ல் தோட்டக்காரர்கள் திருச்சியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையத்தின் அலுவலகத்தைத் திறந்தபிறகு இந்த வேலை இன்னும் ஒழுங்காயிற்று. 1914ல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி-தலைமன்னார் கப்பல் பாதையும் வந்தன. மண்டபத்தில் இந்திய மண்ணிலேயே இலங்கை அரசு ஒரு முகாம் வைத்தது. நோய்த்தடுப்புக்காகச் சில நாள் அங்கே தங்கவைத்துத்தான் கடலைத் தாண்டவிடுவார்கள். அந்த மண்டபம் முகாமில்தான் 1980களுக்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்த அகதிகள் தங்கவைக்கப்பட்டார்கள்.

4

தோட்டத்துக்கு வந்து சேர்ந்தாயிற்று. இனி அன்றாடச் செலவு.

அங்கேயும் ரூபாய்தான். இதுதான் வேடிக்கை. இந்தியாவின் அதே வெள்ளி ரூபாய் இலங்கையிலும் ஓடியது. ஆனால் 1872 முதல் இலங்கையில் ஒரு ரூபாய்க்கு 100 சதம். நம் ஊரில் ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 தம்பிடி, ஆக 192 தம்பிடி. ரூபாயை மாற்ற வேண்டாம், சில்லறையை மட்டும் மாற்ற வேண்டும். 50 சதம் என்றால் எட்டணா, 25 சதம் என்றால் நாலணா. அதுவரைக்கும் சுலபம். அதற்குக் கீழே இறங்கினால் கணக்கு இடிக்கும். ஓர் அணா என்பது ஆறேகால் சதம். 10 சதம் என்பது ஒன்றரை அணாவும் கொஞ்சமும். இந்தக் 'கொஞ்சமும்' ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் பக்கம் சாயும். எழுதத் தெரிந்தவர் பக்கம்தான் சாயும் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

ராசிபுரத்திலிருந்தோ பரமத்தியிலிருந்தோ போன ஒருவர் வெற்றிலை பாக்கு வாங்கும்போது மனசுக்குள் அந்தப் பெருக்கலைச் செய்திருப்பாரா? செய்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஏழையின் கணக்கு ரொம்பக் கறாரானது. ஆனால் அவர் கைக்கு வருகிற காசே குறைவு. கூலி மாதக் கடைசியில் கூடக் கிடைக்காது. மாதம் முடிந்து 60 நாளுக்குள் கொடுத்தால் போதும் என்று 1889ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. நடுவில் பிடித்தங்கள் உண்டு: அரிசி, முன்பணம், சலவை, முடிவெட்டு, கோவில் திருவிழா. எல்லாம் போக மிஞ்சியது கைக்கு. ஒரு முழு நாள் வேலைக்குத் தோட்டத்துப் பேச்சில் 'ஒரு பேர்' என்பார்கள். சொன்ன அளவு முடிக்காவிட்டால் 'அரைப்பேர்'. தகரத்தில் இல்லாத பெயர் கூலிப் புத்தகத்தில் ஏறியது. அங்கேயும் அதைப் பாதியாக வெட்ட முடிந்தது.

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927ல் வந்தது. 1929ல் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு விகிதம் நிர்ணயித்தார்கள்: ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, சிறுவருக்கு 32. நம் ஊர்க் கணக்கில் 54 சதம் என்றால் எட்டணா ஏழரைத் தம்பிடி சொச்சம். அதோடு ஒரு புசல் அரிசி 6 ரூபாய் 40 சதத்துக்கு மேல் விற்கக் கூடாது. அதாவது ஒரு புசல் அரிசிக்கு ஓர் ஆணின் பன்னிரண்டு நாள் கூலி. ஒரே வேலை பார்க்கும் பெண்ணுக்குப் பதினைந்து நாள். கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேயிலையின் லாபம் எந்தக் கையிலிருந்து வந்தது என்பது அந்த 11 சத வித்தியாசத்தில் தெரிகிறது.

பினாங்குக்குப் போனவர்கள் கதையில் நாணயமே வேறு. மலேயாவில் டாலரை நம் ஆட்கள் 'வெள்ளி' என்றார்கள், இன்றுவரை அதுதான் பெயர். 1906ல் அந்த டாலரை 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று கட்டினார்கள். இந்திய ரூபாய் அப்போது 1 ஷில்லிங் 4 பென்ஸ். வகுத்துப் பார்த்தால் ஒரு வெள்ளிக்கு ஒன்றே முக்கால் ரூபாய், 1 ரூபாய் 12 அணா. 1927ல் ரூபாயை 1 ஷில்லிங் 6 பென்ஸாக உயர்த்தினார்கள். அதே வெள்ளி இப்போது 1 ரூபாய் 9 அணா அளவுக்குக்கூட வராது. ரப்பர் மரம் சீவியவர் அன்றைக்கும் அதே மரத்தைத்தான் சீவினார். லண்டனில் யாரோ எடுத்த முடிவில், ஒவ்வொரு வெள்ளிக்கும் மூன்றணாவுக்கு மேல் ஊருக்குக் குறைவாகப் போயிருக்கும். மணியார்டர் வாங்கிய அம்மாவுக்குக் காரணம் யார் சொல்லியிருப்பார்கள்?

5

துண்டு முறை 1921ல் ஒழிந்தது. அந்த ஆண்டின் 43ஆம் எண் சட்டம் துண்டு கொடுப்பதை நிறுத்தியது. வேலையை விட்டுப் போனால் சிறை என்ற பழைய விதிகளும் அதோடு போயின. அடுத்த ஆண்டு இந்தியாவில் குடியேற்றச் சட்டம் வந்தது. 1923ல் இலங்கை, தோட்டக்காரர்களிடம் வசூலித்து ஒரு பொது நிதி வைத்தது. ஊரிலிருந்து தோட்டம் வரை ஆகும் செலவை அந்த நிதி ஏற்கும். ஆளின் தலையில் ஏற்றக் கூடாது. அதே ஆண்டு இந்திய அரசு தன் பிரதிநிதி ஒருவரைக் கண்டியில் உட்காரவைத்தது.

இதைப் படிக்கும்போது ஒரு விஷயம் உறைக்கும். பயணத்தின் செலவு தொகையாகப் பெரிதாக மாறிவிடவில்லை. ரயில் அதேதான், கப்பல் அதேதான், மண்டபத்துச் சோறும் அதேதான். யார் பேரில் எழுதுவது என்ற ஒரே ஒரு வரி மாறியது. அந்த வரிதான் ஒரு மனுஷன் காலையில் எழுந்து வேறு மலைக்கு வேலை தேடிப் போகலாமா கூடாதா என்பதைத் தீர்மானித்துக்கொண்டிருந்தது. கங்காணியிடம் வாங்கிய கைமாற்றும் லயத்து அறையின் வறுமையும் சட்டம் போட்டதால் மறையவில்லை. ஆனால் புத்தகத்தில் அந்த வரி இல்லாதபோது, பிடித்துவைக்கச் சட்டத்தின் கை இல்லாமல் போனது.

1939 ஆகஸ்டில் இந்தியா இலங்கைக்கு ஆள் போவதை நிறுத்தியது. அதோடு ஒரு பக்கத்துக் கதை முடிந்தது. மறுபக்கம் 1964ல் ஆரம்பித்தது. சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தம், மலையகத்தில் வாழ்ந்தவர்களைக் கணக்குப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். அதிலும் பணத்தைப் பற்றி ஒரு பிரிவு உண்டு. திரும்பிப் போகும் குடும்பம் தன் சேமநிதி, பணிக்கொடை உட்பட உடைமைகளைக் கொண்டுபோகலாம். அந்நியச் செலாவணி விதிகளுக்கு உட்பட்டு. அதற்கு ஓர் உச்சவரம்பு இருக்கலாம், ஆனால் அந்த வரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கக் கூடாது. மூன்று நான்கு தலைமுறை மலையில் போட்ட உழைப்புக்கு, எல்லையில் காட்ட வேண்டிய கணக்கு அது.

வந்தவர்கள் கைச்சில்லறையிலும் ஒரு வரலாறு இருந்தது. தாத்தா அணாவோடு போனார். பேரன் சதம் என்ற சொல்லோடு திரும்பி வந்தார். வந்து பார்த்தால் 1957லேயே அணாவைக் காணோம். இங்கேயும் ஒரு ரூபாய்க்கு 100 பைசா. நூறு ஆண்டாகத் தொல்லை கொடுத்த அந்த ஆறேகால் வகுத்தல், கடைசியில் தேவையே இல்லாத நேரத்தில் தீர்ந்துபோனது. அதற்குள் இரண்டு ரூபாயும் ஒரே விலை என்பதும் போய்விட்டது. 1966ல் இந்திய ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள், 1967ல் இலங்கையும் குறைத்தது. இன்றைக்கு ஓர் இந்திய ரூபாய்க்கு மூன்று இலங்கை ரூபாய்க்கு மேல் கிடைக்கிறது.

2024 பிப்ரவரி 12 முதல் இலங்கையில் யுபிஐ வேலை செய்கிறது. கண்டியில் ஒரு கடையில் க்யூஆரை ஸ்கேன் செய்தால் சேலத்து வங்கிக் கணக்கிலிருந்து காசு போகும், உடனே போன் அதிரும், எவ்வளவு போனது என்று தெரியும். அந்த அதிர்வை நாம் ஒரு வசதியாக மட்டும் நினைக்கிறோம். அது ஓர் உரிமை. தன் செலவின் தொகையைத் தானே அறிகிற உரிமை.

வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ ஏஜென்ட்டிடம் கடன் வைத்துப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு விசா, டிக்கெட், மெடிக்கல் என்று தன் பேரில் எழுதியிருக்கும் தொகை முழுசாகத் தெரியும்? போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்கிற இடங்களைப் பற்றி நாம் கேள்விப்படாமல் இல்லை. அங்கே தகரம் இல்லை, கழுத்தில் கயிறு இல்லை. கணக்குப் புத்தகம் மட்டும் இன்னும் அடுத்தவர் பையில் இருக்கிறது.

அடுத்த முறை யாராவது வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினால் ஃபாரெக்ஸ் கார்டைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உன் பேரில் என்ன எழுதியிருக்கு, அதை நீ பார்த்தியா?